சிறையில் தொடங்கிய வழக்கு

1994-ல் டெல்லி திகார் சிறைக் கைதிகளுக்கு எய்ட்ஸ் தடுப்புக்காக ஆணுறை தரும் யோசனை வந்தது. நிர்வாகம் மறுத்தது. கொடுத்தால், 377-வது சட்டப்பிரிவு குற்றமென்று சொல்லும் ஓரினச் சேர்க்கையை ஊக்குவித்ததாகிவிடுமாம்.

அப்படியானால் அந்தப் பிரிவையே ரத்து செய்யுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது ஏ.பி.வி.ஏ. என்ற சிறிய அமைப்பு. எய்ட்ஸ் பீதியில் பாலியல் தொழிலாளர்களும் காசுக்கு ரத்தம் கொடுத்தவர்களும் ஒதுக்கப்பட்டபோது அவர்களுக்காகவும் வாதாடிய அமைப்பு அது. ஓரினச் சேர்க்கையாளர்களின் உரிமையை அது தனிப் பிரச்சினையாகப் பார்க்கவில்லை.

அந்த மனு 2001-ல் தள்ளுபடியானது. வயது வந்தவர்கள் மனமொத்து வைத்துக்கொள்ளும் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2018 ஆனது. 2023-ல் அதே நீதிமன்றம் திருமண உரிமை தர மறுத்தது. குற்றவாளிப் பட்டம் போய்விட்டது. குடும்பம் என்ற அங்கீகாரம் பாக்கி.