'மட்டும்' என்ற சொல்லின் விலை

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை என்பது அதை எழுதுகிறவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அங்கே கொண்டுபோய் வைக்கிறார்: "இது தொடர்பான எல்லாத் தகராறுகளும் டெல்லி நீதிமன்றங்களின் அதிகார வரம்புக்கு மட்டுமே உட்பட்டவை." முந்தைய பக்கங்களில் விலை, தரம், வாரன்டி, டெலிவரி தேதி என்று என்னவெல்லாம் கொடுத்தார்களோ, அவ்வளவையும் இந்த ஒரு வரி திரும்ப வாங்கிக்கொள்கிறது. இதை நான் மோசடி என்றே சொல்வேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 'ஒப்பந்தச் சுதந்திரம்' என்று கௌரவமான பெயர் வைத்திருக்கிறது. அந்தப் பெயரோடுதான் என் சண்டை.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். மார்த்தாண்டம் சந்தையிலிருந்து குழித்துறை கோர்ட்டுக்கு நடந்தே போய்விடலாம். நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றம் முப்பது கிலோமீட்டர் வரும். டெல்லிக்கு ரயிலில் இரண்டு நாள். ஒரு வழக்குக்கு எத்தனை வாய்தா ஆகும் என்பதை உங்கள் குடும்பத்தில் சொத்து வழக்கு நடத்திய யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். தூரம் நீதியைக் கெடுக்கும் என்பது என் கண்டுபிடிப்பு அல்ல. தென் மாவட்டங்கள் பல வருடம் கேட்டுக் கேட்டுத்தான் 2004 ஜூலை 24 அன்று மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை திறக்கப்பட்டது. குமரிக்காரன் ஒரு ரிட் மனுவுக்காக 700 கிலோமீட்டர் சென்னைக்கு ஓடக்கூடாது என்று அரசே ஒப்புக்கொண்ட நாள் அது. பொதுப்பணத்தில் கட்டடம் கட்டி நம் பக்கம் கொண்டுவந்த நீதிமன்றத்தை, ஏதோ ஒரு கம்பெனியின் சட்டப்பிரிவு பொடி எழுத்தில் ஒரே வரி எழுதி 2,500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வைத்துவிடுகிறது.

சட்டம் தொடக்கத்தில் நியாயமாகத்தான் இருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி, பிரதிவாதி வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தில் வழக்குப் போடலாம். வழக்கு மூலம் முழுதாகவோ ஒரு பகுதியாகவோ எழுந்த இடத்திலும் போடலாம். ஒப்பந்தம் எங்கே முடிந்தது, பணம் எங்கே கைமாறியது, சரக்கு எங்கே வந்து சேர வேண்டும் என்பதெல்லாம் வழக்கு மூலத்தில் சேரும். இவற்றில் ஒன்று விளவங்கோடு தாலுகாவுக்குள் நடந்திருந்தால்கூடப் பேச இடம் உண்டு. 1872இன் ஒப்பந்தச் சட்டம் 28ஆம் பிரிவில், ஒருவர் நீதிமன்றம் போவதை முற்றாகத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அந்த 'முற்றாக'வில்தான் ஓட்டை. ஹக்கம் சிங் எதிர் கேமன் இந்தியா வழக்கில் 1971இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: அதிகாரமே இல்லாத நீதிமன்றத்துக்கு இரு தரப்பும் சேர்ந்து அதிகாரம் கொடுக்க முடியாது, ஆனால் இரண்டு நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இருந்தால், அதில் ஒன்றில் மட்டுமே வழக்காடுவோம் என்று பேசிக்கொள்ளலாம். வாராணசியில் தொடங்கிய விவகாரம் பம்பாய்க்குப் போனது.

பேசிக்கொள்ளலாம். சரி, யார் யாரிடம் பேசினார்கள்?

சேலத்துக்காரர்களின் வழக்கு ஒன்று இருக்கிறது. சட்ட மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஏபிசி லாமினார்ட் என்ற குஜராத் நிறுவனம், சேலத்தில் ஏ.பி. ஏஜென்சீஸ். 1974இல் உலோக நூல் வாங்க ஒப்பந்தம். தகராறு வந்து, 1975இல் சேலம் சார்பு நீதிமன்றத்தில் வழக்கு. ஒப்பந்தத்தில், இந்த விற்பனையிலிருந்து எழும் தகராறு கெய்ரா அதிகார வரம்புக்கு உட்பட்டது என்று ஒரு வரி. விசாரணை நீதிமன்றம், போ கெய்ராவுக்கு என்றது. சென்னை உயர் நீதிமன்றம், வேண்டாம், சேலத்திலேயே நடக்கட்டும் என்றது. உச்ச நீதிமன்றம் 1989இல் சேலம்தான் என்று முடித்தது. காரணம், அந்த வரியில் 'மட்டும்' போன்ற ஒரு சொல் இல்லை. வென்றது நம் ஆள், சந்தோஷம். ஆனால் கணக்குப் பாருங்கள்: நூல் வந்ததா, பணம் திரும்பியதா என்பதெல்லாம் இருக்கட்டும், எந்த ஊரில் அதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ளவே பதினான்கு வருடம்.

இந்தத் தீர்ப்பைப் படித்த கம்பெனி வக்கீல்கள் மறுநாளே 'மட்டும்' சேர்த்திருப்பார்கள். பிறகு அதுவும் தேவையில்லாமல் போயிற்று. 2013இல் ஸ்வஸ்திக் கேஸஸ் எதிர் இந்தியன் ஆயில் வழக்கில், மூன்று நீதிபதிகள் அமர்வு, 'மட்டும்', 'பிரத்யேகமாக' என்றெல்லாம் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு ஊரின் பெயரைச் சொன்னாலே மற்ற ஊர்களை விலக்கியதாக அர்த்தம் என்றது. ஜெய்ப்பூர் ஏஜென்ட் கொல்கத்தாவுக்குப் போனார். மென்பொருள் எழுதுகிறவன் பாஷையில் சொன்னால், விலக்கு என்பது டீஃபால்ட் ஆகிவிட்டது.

இடையில் போடிநாயக்கனூர் ஏலக்காய் வழக்கு ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. படேல் ரோட்வேஸின் போடி அலுவலகத்தில் ஏலக்காயை டெல்லிக்கு அனுப்பக் கொடுத்தார் வியாபாரி. டெல்லி கிடங்கில் தீப்பிடித்துச் சரக்கு சேதம். பெரியகுளம் சார்பு நீதிமன்றத்தில் வழக்கு. ரசீதில் 'பம்பாய் அதிகார வரம்பு'. 1991இல் உச்ச நீதிமன்றம் 20ஆம் பிரிவின் விளக்கத்தைக் கையில் எடுத்தது: கிளை அலுவலகம் இருக்கும் ஊரில் வழக்கு மூலம் எழுந்தால், கம்பெனி அந்த ஊரில் தொழில் செய்வதாகவே கொள்ள வேண்டும், தலைமை அலுவலகத்தைச் சொல்லித் தப்ப முடியாது. ஆகவே பம்பாய்க்கு அதிகாரமே இல்லை. இல்லாததை ரசீது கொடுக்கவும் முடியாது. எவ்வளவு எளிமையான நியாயம்! கடை திறந்து காசு வாங்கிய ஊரில் பதில் சொல்.

அந்த நியாயத்திலிருந்தும் தப்பிக்க வழி கண்டுபிடித்தார்கள்: நடுவர் மன்றம். 2017இல் டேட்டாவிண்ட் வழக்கு. வாங்கியவர் சென்னை, சரக்கு வந்தது வடக்கிலிருந்து, ஒப்பந்தத்தில் நடுவர் மன்றத்தின் இருக்கை மும்பை. மும்பையில் எதுவுமே நடக்கவில்லை. இருந்தாலும் இருக்கை மும்பை என்று எழுதிவிட்டால் மும்பை நீதிமன்றங்களுக்கே முழு அதிகாரம் என்றது உச்ச நீதிமன்றம். 1971இல் நீதிமன்றத்துக்கு ஒப்பந்தத்தால் கொடுக்க முடியாதது 2017இல் 'இருக்கை' என்ற சொல்லால் கிடைத்துவிட்டது. சட்ட நுணுக்கமாக இது சரியாக இருக்கலாம். மார்த்தாண்டத்திலிருந்து பார்த்தால் கண்கட்டு வித்தை.

என் மாமா ஒருவர் தேன் வியாபாரி. நம்மூரில் தேனீப் பெட்டி இல்லாத ரப்பர் தோட்டம் குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். வட மாநிலக் கம்பெனி ஒன்றிடம் பாட்டிலில் நிரப்பும் மெஷின் வாங்கினார். முன்பணம் கொடுத்ததும், மெஷின் இறங்கியதும், மூன்றாம் வாரம் நின்றதும் எல்லாம் இங்கேதான். வக்கீலைப் பார்க்கலாம் என்றேன். பில்லின் அடியைக் காட்டினார். "மக்ளே, எண்பதாயிரம் ரூவாய்க்கு நான் அங்க போய் ரூம் எடுத்துக் கெடக்கவா? போற செலவுல இன்னொரு மெஷின் வாங்கிரலாம்லா." கம்பெனியும் இதே கணக்கைத்தான் போட்டிருக்கிறது, என்ன, அவர்களுடையது எக்செல்லில் இருக்கும். அந்த வரி நீதிமன்றத்தில் ஜெயிக்க வேண்டியதே இல்லை. வழக்கு வராமல் இருந்தால் போதும்.

நான் வேலை செய்யும் துறையில் 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவோம். பயனர் படித்தாரா என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை பேர் இந்தத் திரையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி. 'ஒப்புக்கொள்ளவில்லை, இந்தப் பிரிவை மாற்று' என்று யாராவது சொன்னால் என்ன நடக்க வேண்டும்? அதற்குக் கோடே கிடையாது. மறுப்பதற்கு வழியே எழுதப்படாத இடத்தில் கிடைக்கும் சம்மதத்தைச் சுதந்திரம் என்று அழைக்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

2025 ஏப்ரலில் எச்டிஎஃப்சி வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் வேலை ஒப்பந்தங்களுக்கும் இதே விதியைப் பொருத்தியது. பாட்னாவில் வேலை பார்த்தவர் பாட்னாவில் போட்ட வழக்கு, மும்பைக்குத்தான் போக வேண்டும். தரப்புகளில் யார் பலசாலி, யார் பலவீனர் என்று பார்த்து ஒப்பந்தத்தை நடத்த முடியாது என்ற தோரணையில் போகிறது தீர்ப்பு. ஏன் முடியாது? இதே நீதிமன்றம் 1986இல், பேரம் பேசும் பலமே இல்லாதவர் கையெழுத்திட்ட அநியாய விதி செல்லாது என்று ஒரு நீர்வழிப் போக்குவரத்துக் கழக ஊழியரின் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் அதிலேயே, இரு தரப்பும் வியாபாரிகள் என்றால் இது பொருந்தாது என்றும் கதவைச் சாத்திவிட்டது. தேன் விற்கும் மாமாவும் மெஷின் கம்பெனியும் சட்டத்தின் கண்ணில் 'இரு வியாபாரிகள்'.

எதிர்வாதம் தெரியும். ஆயிரம் ஊரில் விற்கும் கம்பெனி ஆயிரம் ஊரில் வழக்காட முடியுமா, செலவு விலையில் ஏறாதா என்பார்கள். அமெரிக்காவில் கார்னிவல் கப்பல் கம்பெனிக்கு 1991இல் அங்குள்ள உச்ச நீதிமன்றமே இப்படித்தான் வக்காலத்து வாங்கியது: டிக்கெட்டில் அச்சடித்த ஃபுளோரிடா செல்லும், பயணிக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று. மலிவின் ரசீதை இதுவரை நான் பார்த்ததில்லை. ஆயிரம் ஊரில் விற்க ஆள் வைக்கத் தெரிந்தவருக்கு ஆயிரம் ஊரில் வக்கீல் வைக்கத் தெரியாதா? காணொளி விசாரணை வந்துவிட்டதே என்பவர்களுக்கும் ஒரு சொல்: அவ்வளவு சுலபம் என்றால் நீங்கள் காணொளியில் குழித்துறைக்கு வாருங்கள்.

நான் கேட்பது புரட்சி ஒன்றும் அல்ல. ஜெர்மனியில் பொது விதியாக வணிகர்களுக்கு இடையில்தான் முன்கூட்டிய இத்தகைய ஒப்பந்தம் செல்லும். இத்தாலியின் குடிமைச் சட்டம் 1341ஆம் பிரிவில், ஒருதலையாக அச்சடித்த படிவத்தில் இந்த மாதிரி விதி இருந்தால் அதற்குத் தனியாக எழுத்தில் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும் என்கிறது, வியாபாரிக்கும் சேர்த்து. கனடா உச்ச நீதிமன்றம் 2020இல் ஊபர் வழக்கில், உணவு கொண்டுசெல்லும் டொரன்டோ ஓட்டுநர் நெதர்லாந்தில் நடுவர் மன்றம் போக முதலில் 14,500 டாலர் கட்ட வேண்டும் என்ற விதியைத் தூக்கி எறிந்தது.

நம் நாடாளுமன்றமே இரண்டு முறை செய்திருக்கிறதே. 2019இன் நுகர்வோர் சட்டம், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்கிறது. வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கிய மார்த்தாண்டத்துக்காரர் நாகர்கோவில் ஆணையத்துக்குப் போகலாம். 2006இன் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டம் 18ஆம் பிரிவில், பாக்கி வராத சிறு சப்ளையர் தன் ஊர் கவுன்சிலில் முறையிடலாம், ஒப்பந்தம் என்ன சொன்னாலும் சரி. அப்படியானால் மிச்சம் யார்? தொழிலுக்காக வாங்கும் சிறு வியாபாரி, டீலர், ஏஜென்ட், ஆப் ஓட்டுநர், ஊழியர். விற்கும்போது சட்டம் பார்க்கும் மாமாவை வாங்கும்போது பார்க்க மறுக்கிறது. 28ஆம் பிரிவில் ஒரு விலக்கு சேர்த்தால் போதும்: ஒருவர் அச்சடித்து மற்றவர் கையெழுத்து மட்டும் போடும் ஒப்பந்தத்தில், பலவீனத் தரப்பு தன் ஊரில் வழக்குப் போடுவதை எந்த விதியும், எந்த 'இருக்கை'யும் தடுக்காது என்று.

அது வரும்வரை, புதிதாகத் தொழில் தொடங்கும் நண்பர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். அந்த வரியைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் 'குழித்துறை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பெரும்பாலும், படிவத்தை மாற்ற முடியாது என்று பதில் வரும். அந்த மெயிலை அழித்துவிடாதீர்கள். இரு தரப்பும் கலந்து பேசித் தேர்ந்தெடுத்த இடம் என்று அவர்கள் வக்கீல் எழுந்து சொல்லும்போது, நீதிபதி முன் நீட்ட ஒரு காகிதமாவது கையில் இருக்கும்.