காட்டுக்குள் கைத்தொலைபேசியை நம்பலாமா?

2024 டிசம்பர் 26 அன்று, அவுஸ்திரேலியாவின் கொஸியஸ்கோ தேசியப் பூங்காவில் நண்பர்களைப் பிரிந்து தனியே நடந்த 23 வயது மருத்துவ மாணவர் ஒருவர் வழி தவறிக் காணாமற் போனார். 300க்கும் மேற்பட்டோர் தேடினர். ஜனவரி 8 அன்று, அவ்வழியே நடந்துவந்த சிலரைக் கண்டு கூப்பிட்டு அவர் உயிர் தப்பினார். அந்த 13 நாட்களும் ஓடைத் தண்ணீர், காட்டுப் பழங்கள், ஒரு குடிலில் கிடைத்த இரண்டு மியூஸ்லி துண்டுகள் ஆகியவையே ஆகாரம்.

இப்பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 6,900 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல ஆறு மடங்குக்கும் அதிகம். வீதியை விட்டு விலகினால் பெரும்பாலான இடங்களில் தொலைபேசி இயங்காது. கடையும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை.

விடுமுறைக்குக் கூடாரத்துடன் புறப்படும் நம்மவர்கள் அரிசி, அடுப்பு, தண்ணீர் எல்லாம் கணக்குப் பார்த்தே ஏற்றுகிறார்கள். உதவி கேட்கும் வழிக்கு மட்டும் கைத்தொலைபேசியை நம்பிவிடுகிறார்கள். வன்னிக் காட்டில் நடந்து பழகிய துணிச்சலும் இங்கே போதாது. அங்கே ஒரு குளத்தைத் தேடிப் பிடித்தால் பக்கத்தில் ஊர் இருக்கக்கூடும்.

செய்மதி வழியே அபாய அழைப்பு விடுக்கும் கையடக்கக் கருவியை நியூ சவுத் வேல்ஸில் சில பூங்கா நிலையங்களில் இலவசமாகவே இரவல் பெறலாம். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதையும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். காணாமற் போனவருக்காக வாசலைப் பார்த்திருக்கும் வலி நமக்குப் புதிதல்ல. தவிர்க்கக்கூடிய இடத்திலாவது அதைத் தவிர்ப்போம்.