கடிதம் வந்த பிள்ளை

போன இதழில் பள்ளிக்கூட இடத்துக்கு விண்ணப்பிப்பது பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த ஒரு தகப்பனார் மனர் பார்க் முருகன் கோயிலில், அன்னதான வரிசையில் வைத்தே எங்களைப் பிடித்துக்கொண்டார். கையில் ஒரு கடிதம். நாலாய் மடித்து, பிறகு விரித்து, திரும்ப மடித்து, மடிப்பெல்லாம் கிழியப் பார்க்கிற கடிதம். அவருடைய மூத்தவனுக்குப் பதினொரு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் வொன்ஸ்ரெட் பிளாற்ஸ் புல்வெளியில் பந்தடிக்கிறவன். யாரோ வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு பெரிய கழகத்தின் அக்கடமியில் ஆறு கிழமை வந்து விளையாடிக் காட்டச் சொல்லி அழைத்திருக்கிறார்கள்.

"தம்பி, தமிழ்ப் பள்ளிக்கூடத்தை நிப்பாட்டப் போறன். ரியூசனையும் விட்டிட்டு இதிலையே முழுசா விடலாமெண்டு பாக்கிறன். இவன் வந்திட்டானெண்டால் எங்கட கஷ்டமெல்லாம் ஒரு நாளில தீர்ந்திடும்" என்றார். மனுசி பக்கத்தில் ஒன்றும் பேசாமல் நின்றார். அந்தப் பேசாமையில் நிறைய இருந்தது.

அந்த இடத்தில் பதில் சொல்ல எங்களுக்குத் துணிவு வரவில்லை. ஒரு கிழமை தாங்கோ என்று சொல்லிவிட்டு வந்தோம். அந்தப் பதில்தான் இது. வேறு வீடுகளிலும் இப்படிக் கடிதங்கள் வரத்தான் போகின்றன என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

நாங்கள் உதைபந்தாட்டத்தில் பண்டிதர்கள் அல்ல. ஆனால் அப்டன் பார்க்கில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கதை வாசற்படியில் நடந்த கதை. கிறீன் ஸ்ரீற் வழியாகப் பார்க்கிங் றோட்டுப் பக்கம் நடந்தால், இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கிற இடத்தில்தான் வெஸ்ற் ஹாம் கழகத்தின் மைதானம் இருந்தது. 1904 முதல் 2016 வரை அங்கேதான் விளையாடினார்கள். (எங்கள் ஊரில் சென் ஜோன்ஸும் மத்திய கல்லூரியும் பெருஞ்சமர் ஆடத் தொடங்கியதும் அதே 1904இல்தான்.) நாங்கள் வந்த புதிதில், ஆட்டம் உள்ள நாளில் குவீன்ஸ் மார்க்கெற்றுக்கு மரக்கறி வாங்கப் போனால் சனத்துக்குள் அகப்பட்டு, வெண்டிக்காய்ப் பையும் நாங்களுமாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்போம். 2016இல் அவர்கள் ஸ்ராற்போர்ட் ஒலிம்பிக் மைதானத்துக்குப் போய்விட்டார்கள்.

அந்த மைதானத்தில் 1999 மே மாதம் ஒரு இறுதி ஆட்டம் நடந்தது. பெரியவர்களின் ஆட்டம் அல்ல, இளையோருக்கான எஃப்.ஏ. யூத் கப். வெஸ்ற் ஹாம் பொடியன்கள் முதல் ஆட்டத்தில் கொவென்றி சிற்றியை அதன் சொந்த மைதானத்திலேயே 3-0 என்று வென்று வந்திருந்தார்கள். அப்டன் பார்க்கில் 6-0. மொத்தம் ஒன்பது கோல், எதிரணிக்கு ஒன்றும் இல்லை. நாட்டிலேயே சிறந்த இளையோர் என்று வாங்கிய கிண்ணம் அது. அன்று அந்தப் பொடியன்களைப் பார்த்த எவரும், இவர்களில் பாதிப்பேராவது பெரிய ஆட்டக்காரர்களாக வருவார்கள் என்றுதான் கணக்குப் போட்டிருப்பார்கள்.

இரண்டு பேர் இங்கிலாந்து அணிக்குப் போனார்கள். ஜோ கோல் 56 ஆட்டம், மைக்கல் கரிக் 34 ஆட்டம். றிச்சர்ட் கார்சியா அவுஸ்திரேலியா அணியோடு 2010 உலகக் கிண்ணத்துக்குப் போனார். கோல் காத்த ஸ்ரீபன் பைவாற்றர் பல கழகங்களில் நெடுங்காலம் நின்றார். மற்றவர்களில் பெரும்பாலானோர் சிறிய பிரிவுகளுக்கும், பிறகு வேறு தொழில்களுக்கும் போய்விட்டார்கள். ஒன்பது கோல் அடித்த அணியின் கதையே இதுவென்றால், தோற்ற அணியில் இருந்தவர்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

ஏன் இப்படி நடக்கிறது? பார்த்தவர்கள் கண் தெரியாதவர்களா? இல்லை. அந்தக் கழகத்தின் அக்கடமியை 1973 முதல் நாற்பது வருடத்துக்கு மேல் நடத்திய ரோனி கார் என்பவர் றியோ பேர்டினன்ட், பிராங்க் லம்பார்ட் போன்றவர்களை வளர்த்துவிட்டவர். அவர் கையிலேயே பலர் நிற்கவில்லை என்றால், காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

முதலாவது காரணத்தை எங்கள் தாய்மார் நன்றாக விளங்கிக்கொள்வார்கள். இந்த நாட்டில் வகுப்புக் கணக்கு செப்ரெம்பர் முதலாம் திகதியில் தொடங்குகிறது. உதைபந்தாட்ட அணிகளின் வயதுக் கணக்கும் அப்படியே. செப்ரெம்பரில் பிறந்த பிள்ளையும் அடுத்த ஆகஸ்ட்டில் பிறந்த பிள்ளையும் ஒரே அணி. ஒன்பது வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது பெரிய வித்தியாசம். உயரம், கால் பலம், ஓட்டம் எல்லாவற்றிலும் தெரியும். பார்க்க வருகிறவர் மூத்த பிள்ளையைக் கெட்டிக்காரன் என்று எழுதிக்கொண்டு போகிறார். அதனால்தான் இங்குள்ள அக்கடமிகளில் செப்ரெம்பர், ஒக்ரோபர், நவம்பர் பிள்ளைகள் அளவுக்கு மிஞ்சி இருக்கிறார்கள். பதினேழு பதினெட்டு வயதில் மற்றவர்களும் வளர்ந்து வந்து நிற்கும்போது, உடம்பால் முந்தியவர்களின் முந்தல் போய்விடுகிறது. அதுவரை உடம்பை நம்பியே விளையாடியவனுக்கு வேறு ஆயுதம் இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஹரி கேன் இங்கே பக்கத்தில் வோல்தம்ஸ்ரோவில் பிறந்தவர். ஆர்சனல் கழகம் அவரைச் சிறுவனாக எடுத்து, எட்டு வயதில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. பிறகு ரொட்டன்ஹாமில் சேர்ந்தும் 2011இல் லெய்ரன் ஓரியன்ற், அதன் பிறகு மில்வோல், நோறிச், லெஸ்ரர் என்று இரவலாக ஊர் ஊராக அனுப்பப்பட்டார். இன்று இங்கிலாந்துக்காக அதிக கோல் அடித்தவர் அவர்தான். பிறந்த திகதி யூலை 28. அதாவது வகுப்பில் கடைக்குட்டிகளில் ஒருவர். மேலே சொன்ன மைக்கல் கரிக்கின் பிறந்த திகதியும் யூலை 28. இதை வைத்து எவரும் சாத்திரம் சொல்ல வேண்டாம். சின்ன வயதில் பின்னுக்கு நின்றவர்கள் வேறு வழியில்லாமல் பந்தோடு மூளையையும் பழக்கியிருப்பார்கள் என்று நாங்கள் நினைக்கிறோம். அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம் இடம். முதல் அணியில் நிற்பது பதினொரு பேர். 1992இல் பிரிமியர் லீக் தொடங்கி ரெலிவிசன் காசு கொட்டத் தொடங்கியது. 1995இல் பொஸ்மன் என்ற பெல்ஜியம் ஆட்டக்காரரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த தீர்ப்போடு, ஐரோப்பிய நாட்டு ஆட்டக்காரர்கள் கழகம் மாறுவது சுலபமாயிற்று. ஒரு பயிற்சியாளருக்கு நாலு ஆட்டம் தோற்றால் வேலை போய்விடும். அவர் பதினெட்டு வயதுப் பொடியனை இறக்கிப் பரீட்சை பார்ப்பாரா, அல்லது காசைக் கொடுத்து இருபத்தாறு வயது ஆளை வாங்குவாரா? இதில் பொடியனின் திறமைக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. எங்கள் தொழிற்சாலையிலும் புதியவனைப் பழக்க நேரமில்லை என்று ஏஜென்சியில் ஆள் எடுப்பதைப் போலத்தான்.

காயங்கள் பற்றி நீட்ட வேண்டியதில்லை. முழங்காலில் ஒரு நாண் அறுந்தால் ஒரு வருடம் போகும். அந்த வருடத்தில் இடத்தை இன்னொருவன் பிடித்துவிடுவான்.

இனி மனம். 2011இல் மன்செஸ்ரர் யுனைற்றெட் அதே யூத் கப்பை வென்றது. இறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் றவல் மொறிசன் என்ற பொடியன் இரண்டு கோல் அடித்தார். அந்த அணியில் போல் பொக்பாவும் இருந்தார். பார்த்தவர்களில் பலர் மொறிசனைத்தான் பெரிதாகப் பேசினார்கள். 2012 ஜனவரியில் மொறிசன் எங்கள் அப்டன் பார்க்குக்கே விளையாட வந்தார். 2013 ஒக்ரோபரில் ரொட்டன்ஹாம் மைதானத்தில் தனியே பந்தை ஓட்டிப்போய் அவர் அடித்த கோலைப் பற்றி இங்கே சலூன்களில் இப்போதும் பேசுவார்கள். ஆனால் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. இத்தாலி, மெக்சிக்கோ, சுவீடன், நெதர்லாந்து, அமெரிக்கா என்று அலைந்தார். பொக்பாவை 2016இல் மன்செஸ்ரர் 89 மில்லியன் பவுணுக்குத் திரும்ப வாங்கியது. அன்றைக்கு அது உலகத்திலேயே பெரிய விலை. அந்தப் பொடியனின் மனதுக்குள் என்ன இருந்தது என்று நியாயம் சொல்ல நாங்கள் யார்? காலில் இருப்பதை மைதானத்துக்கு வெளியே நின்று பார்க்கலாம், தலைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் இருப்பதைப் பார்க்க முடியாது என்பது மட்டும் தெரிகிறது.

எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் மாவட்டத்தில் முன்னுக்கு வந்த பிள்ளையின் படம் பேப்பரில் வரும். கழுத்தில் மாலை, இரண்டு பக்கமும் தாய் தகப்பன். அந்தப் பிள்ளைகள் எல்லோரும் ஏ.எல். முடித்துக் கம்பஸ் போனார்களா? எங்கள் வகுப்பில் முதலாம் பிள்ளை எட்டாம் வகுப்பிலேயே சோர்ந்துபோனான். "நீ முதலாம் பிள்ளை, நீ முதலாம் பிள்ளை" என்று சொல்லிச் சொல்லியே அவனுக்குப் புத்தகத்தைக் கண்டால் பயம் வந்துவிட்டது. குருநகரிலும் நாவாந்துறையிலும் இளவாலையிலும் பந்தடித்தவர்களின் கதை வேறு. அவர்களைப் போர் நிறுத்தியது. அவர்களில் எத்தனையோ பேரின் ஆசைதான் இப்போது பிள்ளைகளின் காலில் ஏறி நிற்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்களோடு பெட்டி அடுக்குகிற ஒரு வெள்ளைக்காரப் பொடியன் இருக்கிறான். ஒன்பது வயதிலிருந்து பதினாறு வரை ஒரு கழகத்தில் இருந்தவன். கழகத்தின் பெயர் வேண்டாம். ஒரு பின்னேரம் தகப்பனையும் அவனையும் கூப்பிட்டுப் பத்து நிமிசம் பேசி அனுப்பினார்களாம். திரும்பி வரும்போது காரில் ஒருவரும் பேசவில்லையாம். அது ஜி.சி.எஸ்.இ. சோதனை வருடம். "பந்து போனது பரவாயில்லை, என்னைப் பற்றிச் சொல்ல அதைவிட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை" என்று அவன் தேத்தண்ணி நேரத்தில் எங்களுக்குச் சொன்னான். அந்தப் பேச்சுக்குப் பிறகு நாங்கள் கடிதங்களை வேறு கண்ணால் பார்க்கிறோம்.

எல்லோருக்கும் அப்படி முடிவதும் இல்லை. 1999 காலத்து வெஸ்ற் ஹாம் இளையோர் குழுவில் அன்வர் உடின் என்று கிழக்கு இலண்டன் பிள்ளை ஒருவர் இருந்தார். தகப்பன் வங்காளதேசத்தவர். வெஸ்ற் ஹாம் முதல் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவே இல்லை. ஆனால் டகெனம் கழகத்துக்குத் தலைவராகி, 2007இல் அந்தக் கழகம் முதல் தடவையாக லீக்குக்குள் ஏறியபோது முன்னுக்கு நின்றவர் அவர். எங்களுடைய ஆள் என்றால், வேல்ஸில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை விமல் யோகநாதன் 2023இல் பார்ன்ஸ்லி முதல் அணிக்கு இறங்கினார். ஆகவே நடக்காது என்று நாங்கள் சொல்லவில்லை.

அந்தத் தகப்பனாருக்குச் சொல்ல வேண்டியதை இனிச் சொல்கிறோம். அண்ணை, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஆறு கிழமையும் போகட்டும். கழகத்தின் உண்மையான அக்கடமி என்றால் பெற்றோரிடம் பயிற்சிக்குக் காசு கேட்க மாட்டார்கள். அக்கடமி என்று பெயர் போட்டு மாதக் காசு வாங்குகிற தனியார் வகுப்புகள் இங்கே நிறைய. அதில் பழகுவது பிழையில்லை, ஆனால் அது வேறு இது வேறு. எடுத்தார்கள் என்றால் அது வேலையும் அல்ல, சம்பளமும் அல்ல. பதினாறு வயதில் சிலருக்கு மட்டும் இரண்டு வருட ஸ்கொலர்ஷிப், அதுவும் படிப்போடு சேர்த்து. பதினேழுக்குப் பிறகுதான் தொழில்முறை ஒப்பந்தம். பயிற்சி எத்தனை நாள், படிப்புக்கு யார் பொறுப்பு, வெளியே விட்டால் அடுத்த கழகம் தேட உதவுவீர்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கோ. ஆங்கிலம் தடக்கினால் பெரியவளைக் கூட்டிக்கொண்டு போங்கோ, அல்லது எங்களைக் கூப்பிடுங்கோ.

ரியூசனை நிற்பாட்ட வேண்டாம். தமிழ்ப் பள்ளிக்கூடம் சனிக்கிழமை என்றால் பயிற்சியோடு முட்டலாம். ஆசிரியையோடு பேசினால் பின்னேர வகுப்புக்கு மாற்றித் தருவார். அவனுக்கு முன்னால் வீட்டுக் கடனைப் பற்றிப் பேசுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கோ. பதினொரு வயதுக் கால்.

இதையெல்லாம் போன செவ்வாய் அவருக்கு ரெலிபோனில் சொன்னோம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மனுசியிடம் கொடுத்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, இவன் ஆகஸ்ட் மாசம் பிறந்தவன். அது நல்லதோ கூடாதோ?" முதல் பயிற்சி வருகிற ஞாயிறு. அவருக்கு அன்று இரவு வேலை முடிந்து வர நேரமாகும் என்பதால் பிள்ளையைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவதற்கு நாங்கள் ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த இதழில் கவுன்சில் வரிக் கழிவுக்கு விண்ணப்பிப்பது பற்றி.