அடுக்குமாடிச் சங்கமும் கீழ்த்தளக் கடையும்



அடுக்குமாடி வீடுகளின் உரிமையாளர் சங்கங்கள், தங்கள் கட்டடத்துக்கான விதிகளைத் தாங்களே வகுத்துக்கொள்ளும் உரிமை வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றன. தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு சட்டம் வந்தது. ஆனாலும் பல சங்கங்கள் 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொண்டு காலம் தள்ளின. பழைய கட்டடத்தை இடித்துக் கட்டுவதென்றால் உரிமையாளர் அனைவரும் சம்மதிக்க வேண்டியிருந்தது. ஒருவர் முறுக்கிக்கொண்டாலும் காரியம் நின்றுவிடும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் போதும்.

இது மாடியில் குடியிருப்பவர் பாடு, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. இன்று நகரங்களில் எத்தனையோ மளிகைக் கடைகளும் மருந்துக் கடைகளும் இத்தகைய கட்டடங்களின் கீழ்த்தளத்தில்தான் நடக்கின்றன.

சங்கங்கள் கேட்பது நியாயம் என்பதே நம் கருத்து. 1996-இல் கொத்தவால் சாவடியை விட்டுக் கோயம்பேட்டுக்குப் போன நம்மவர்கள், கடை எங்களுடையது, பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறோம், நிர்வாகத்தில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்றுதானே கேட்டார்கள்? நாம் கேட்டால் உரிமை, அவர்கள் கேட்டால் அடாவடி என்று சொல்வது முறையல்ல.

ஆனால் அவர்கள் விதி எழுதும்போது நாம் அந்த இடத்தில் இருக்க வேண்டும். நம்மிடம் சரக்கு எடுக்கும் மளிகைக்காரர் ஒருவர் சொந்தக் கடை வைத்திருக்கிறார். காலை 9 மணிக்கு மேல் வாசலில் மூட்டை இறக்கக் கூடாது என்று அவர் கட்டடச் சங்கம் தீர்மானம் போட்டுவிட்டது. நம் வண்டி அங்கே போய்ச் சேரவே 10 மணி ஆகும். அடுத்த தெருவில் இறக்கித் தள்ளுவண்டியில் கொண்டுபோனதில் மூட்டைக்கு இரண்டு கூலி ஆயிற்று. விசாரித்தால், கூட்டத்துக்கு அவருக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு யார் போவது என்று இருந்துவிட்டார். நம்மவர்களில் பலர் கதை இதுதான்.

கீழே இருக்கும் நான் லிப்ட் செலவில் ஏன் பங்கு தர வேண்டும் என்று கடைக்காரர் கேட்கிறார். உன் கடைக்கு வருகிறவர் வண்டி எங்கள் வாசலை ஏன் அடைக்க வேண்டும் என்று மாடிக்காரர் கேட்கிறார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கடைக்கு லிப்ட் பங்கைக் குறைத்து, குப்பைக்கும் காவலாளிக்கும் சற்றுக் கூடுதலாக வைத்து, சரக்கு இறக்க நேரம் ஒதுக்கித் துணை விதியிலேயே எழுதிக்கொள்ளலாம். வாயால் பேசி முடித்தது செயலாளர் மாறியதும் காணாமல் போகும்.

2016-ஆம் ஆண்டின் மத்திய ரியல் எஸ்டேட் சட்டம், அடுக்கக அலகு என்பதற்குள் கடையையும் கிடங்கையும் சேர்த்தே சொல்கிறது. சங்கம் அமைப்பதில் பங்கெடுப்பதை வாங்கியவரின் கடமை என்றும் வைத்திருக்கிறது. ஆகவே சொந்தக் கடைக்காரர் விருந்தாளி அல்ல, உறுப்பினர். பராமரிப்புப் பாக்கி வைக்காமல் இருந்தால் கூட்டத்தில் குரல் எடுபடும்.

வாடகைக்கு இருப்பவர் நிலைதான் கவலை தருகிறது. சங்கத்தில் உறுப்பினர் கடையின் சொந்தக்காரரே. இடித்துக் கட்ட அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால், இருபது வருட வாடிக்கையை எங்கே கொண்டுபோய் வைப்பது? தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். அடுத்த முறை புதுப்பிக்கும்போது வாடகைத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்திட வேண்டாம். சரக்கு இறக்கும் நேரம், பெயர்ப் பலகை, இடிப்பதானால் எத்தனை மாத முன்னறிவிப்பு, புதுக் கட்டடத்தில் இடம் உண்டா என்பதையெல்லாம் அதில் எழுதி வாங்குங்கள்.