பெட்டியின் சாவி யாரிடம்?



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வீடு திரும்பியபோது, பக்கத்துக் கிராமத்துச் சகோதரி ஒருவர் தமது மூத்த மகனுடன் வந்து காத்திருந்தார். இத்தா முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்த ஒரு கைத்தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு, "மௌலவி, எங்கட காணி இதுக்குள்ளதான் இருக்கு" என்றார்.

விளங்கவில்லை. விசாரித்தேன். 1990இல் ஊரை விட்டுப் புறப்பட்டபோது மூல உறுதி கைதவறிவிட்டது. புத்தளத்தில் இருந்த மைத்துனர் ஒருவரிடம் பழைய போட்டோக் கொப்பி ஒன்று இருந்திருக்கிறது. கணவர் அதைப் படமெடுத்து, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், காணி அனுமதிப்பத்திரம், கடன் கொடுத்த கணக்கு எல்லாவற்றுடனும் சேர்த்துத் தொலைபேசியில் பூட்டிவைத்திருக்கிறார். போட்டோக் கொப்பியைக் கறையான் தின்றுவிட்டது. படத்தை அவர் வேறு யாருக்கும் அனுப்பவுமில்லை. கணவர் மௌத்தாகி விட்டார். பூட்டின் இலக்கம் எவருக்கும் தெரியாது.

தொலைபேசி திருத்தும் வேலை செய்யும் என் பழைய மாணவர் ஒருவரிடம் அனுப்பினேன். உள்ளே உள்ளதையெல்லாம் அழித்துவிட்டால் போன் மட்டும் மீளும், படங்கள் மீளா என்று சொல்லிவிட்டார். அவர் மீது குறையில்லை. பூட்டு தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

எங்கள் பகுதி மக்களுக்குக் காகிதத்தின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலிப் பகுதி மக்களும் கையில் எடுத்ததோடு புத்தளம் பக்கம் போனவர்கள். முள்ளிக்குளத்துக் கத்தோலிக்கச் சகோதரர்கள் 2007 செப்டெம்பரில் இராணுவ நடவடிக்கையின்போது ஊரை விட்டுப் போனார்கள். பின்னர் அங்கே கடற்படை முகாம் அமைந்தது. 2017 மார்ச்சில் ஊரைத் திரும்பக் கேட்டு ஒரு மாதத்துக்கும் மேலாகத் தெருவோரத்தில் இருந்தார்கள். அவர்களும் நாங்களும் கச்சேரி வாசலில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "உங்கள் காணி என்பதற்கு என்ன அத்தாட்சி?"

ஒரு விஷயத்தைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். தொலைபேசியில் உள்ள படம் உறுதி ஆகாது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி கைமாற நொத்தாரிசின் முன் சாட்சிகளுடன் எழுதப்பட்ட பத்திரம் வேண்டும். மின்னணுக் கொடுக்கல் வாங்கல்களை ஏற்கும் 2006ஆம் ஆண்டின் சட்டமும் காணி விற்பனையைத் தன் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டது. அப்படியானால் படம் எதற்கு? உறுதியின் மூலம் நம் கையிலும், ஒரு பிரதி நொத்தாரிசிடமும், இன்னொன்று காணிப் பதிவகத்திலும் இருக்கும். நம்முடையது தொலைந்தால் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்கலாம். ஆனால் உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், பதிவேட்டின் பக்கம் ஆகியவை தெரிந்தால்தான் தேடுவது இலகு. படம் அந்த விவரங்களைக் காப்பாற்றித் தருகிறது. 1990இல் போனவர்களில் பலருக்குக் காணியின் வேலி எங்கே என்று தெரியும், உறுதி இலக்கம் தெரியாது.

இதன் மறுபக்கமும் உண்டு. அந்தச் சகோதரியின் கணவர் அளவுக்கு மீறிப் பூட்டினார் என்றால், நம்மில் அதிகமானோர் பூட்டுவதே இல்லை. அடையாள அட்டை, உறுதி, வங்கிப் புத்தகம் மூன்றையும் ஸ்கேன் செய்யக் கடைக்குக் கொடுக்கிறோம். வேலை முடிந்ததும் நாம் போய்விடுகிறோம், கோப்பு கடைக்காரரின் கணினியில் கிடக்கிறது. நான் ஒரு கடையில் காத்திருந்தபோது திரையில் வரிசையாக எங்கள் ஊராரின் முகங்களையும் கையொப்பங்களையும் கண்டேன். கடைக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் அந்தக் கணினியில் நாளை யார் உட்காருவார் என்று அவருக்கே தெரியாது. கையொப்பமும் அடையாள அட்டையும் உறுதியின் விவரமும் ஒருவன் கையில் சேர்ந்தால் கள்ள உறுதி எழுதுபவனுக்குப் பாதி வேலை முடிந்தது. ஆகவே கடையை விட்டு எழும்பு முன், "என்னுடையதை அழித்துவிடுங்கள், குப்பைத் தொட்டியிலும் அழியுங்கள்" என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

வட்ஸ்அப்பில் 2016 முதல் செய்திகள் மறைகுறியாக்கப்பட்டுப் போவது உண்மை. அது வழிப்பயணத்துக்கான பாதுகாப்பு. போய்ச் சேர்ந்தபின் படம் மருமகனின் போனில், அவருடைய பிள்ளைகள் விளையாடும் படத் தொகுப்பில் திறந்தபடியே இருக்கும்.

மறைகுறி என்றதும் நம் பிள்ளைகள் ஏதோ மேல்நாட்டு வித்தை என்று நினைக்கிறார்கள். ஆங்கிலத்தில் மறையெழுத்துக்கு வழங்கும் 'சைஃபர்' என்ற சொல் பூஜ்யத்தைக் குறிக்கும் நம் அரபுச் சொல்லான 'ஸிஃப்ர்' என்பதிலிருந்து போனது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்கிந்தி, மறையெழுத்தை உடைக்கும் வழியை எழுதிவைத்தார். அந்தப் பிரதி இஸ்தான்பூலின் சுலைமானியா நூலகத்தில் கிடைத்தது. அவர் செய்தது எளிமையான காரியம். எந்த மொழியிலும் சில எழுத்துகள் அதிகம் வரும், சில அபூர்வமாக வரும். மறைகுறியில் அடிக்கடி வருவதை எண்ணிப் பார்த்தால் மூல எழுத்து வெளிப்பட்டுவிடும். எழுதுபவனின் பழக்கம்தான் அவனைக் காட்டிக்கொடுத்தது.

இன்று பயன்படும் ஏ.இ.எஸ். என்ற முறை 2001இல் அமெரிக்காவில் தரமாக ஏற்கப்பட்டது. பெல்ஜிய நாட்டு அறிஞர்கள் இருவர் அமைத்தது. எழுத்துகளை எண்ணி அதை உடைக்க முடியாது. ஆனால் கடவுச்சொல்லை வைப்பது நாம்தானே? அங்கே பழைய பழக்கம் திரும்ப வந்துவிடுகிறது. நம்மில் பலர் அடையாள அட்டை இலக்கத்தையே கடவுச்சொல்லாக வைக்கிறோம். பழைய அட்டையின் ஒன்பது இலக்கங்களில் முதல் இரண்டு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களானால் அத்துடன் 500 கூட்டப்பட்டிருக்கும். பிறந்த நாளை அறிந்தவனுக்கு மிஞ்சுவது நான்கு இலக்கம், அதாவது 10,000 வாய்ப்புகள். கணினிக்கு அது தேநீர் ஆறும் நேரம்கூட இல்லை. மேலும் அந்த இலக்கத்தை நாம் கொடுக்காத அலுவலகம் எது?

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து வையுங்கள். மரைக்கால், தீப்பெட்டி, கொய்யா, செவ்வாய் என்பது போல. (இதையே வைத்துவிடாதீர்கள், பத்திரிகையில் வந்துவிட்டது!) ஓதலில் வரும் சொற்றொடரையோ பிள்ளையின் பெயரையோ வேண்டாம். நம் வீடுகளில் முதலில் ஊகிக்கப்படுவது அதுதான்.

பீ.டி.எஃப். கோப்புக்குக் கடவுச்சொல் இடும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதில் இரண்டு வகை உண்டு. திருத்தவும் அச்சிடவும் தடை போடுவது ஒன்று; அதை இலகுவாக நீக்கிவிடலாம். திறப்பதற்கே கடவுச்சொல் கேட்பது மற்றையது. நமக்கு வேண்டியது இதுதான். பூட்டிய கோப்பை ஒரு பென் டிரைவிலும் இட்டு, வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். ஒரே வீட்டில் எல்லாப் பிரதிகளையும் வைப்பது எத்தகையது என்று எங்கள் பகுதியினரிடம் கேளுங்கள்.

இனி சாவி. கடவுச்சொல்லை எழுதிவைக்கக் கூடாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அலுவலக மேசைக்கு அது சரி. குடும்பத்துக்கு நான் அப்படிச் சொல்லமாட்டேன். குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகராவின் 282ஆவது, கடனை எழுதிவைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. மனிதன் மறப்பான், மரணிப்பான். கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி, உறையில் ஒட்டி, கோப்பு இல்லாத வேறிடத்தில் வையுங்கள். நம்பிக்கையான இருவருக்கு உறை இருக்குமிடத்தைச் சொல்லுங்கள். அவ்விருவரில் ஒருவர் உங்கள் மனைவியாக இருக்கட்டும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்தச் சகோதரியிடம், "இலக்கத்தை நீங்கள் ஒருபோதும் கேட்கவில்லையா?" என்றேன். "கேட்டேன். உனக்கு எதுக்கு என்றார்" என்றார். மர்ஹூமின் மீது குறை சொல்வதற்காக எழுதவில்லை. முப்பது வருடம் ஒரே பாயில் படுத்தவர்கள். அவர் கள்வனுக்குத்தான் பூட்டினார். ஆனால் பூட்டுக்கு ஆளைத் தெரியாது.

அன்று அவர் எழும்பிப் போகும்போது, தம் கணவரின் வாப்பா உறுதி முடித்தபோது நொத்தாரிசின் வீட்டு முற்றத்தில் பெரிய மாமரம் ஒன்று நின்றதாகக் கணவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த மரத்தைக் கொண்டு ஊர்ப் பெரியவர் ஒருவர் நொத்தாரிசின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார். ஆண்டு மட்டும் சரியாகத் தெரியவில்லை. இரண்டு முறை பதிவகத்துக்குப் போய் வந்த மகன், வரும் திங்கட்கிழமை திரும்பவும் மன்னாருக்குப் போகிறார்.