ஜாகோவா, ஜேமர்சனா?

உலகத்தின் தலைசிறந்த பேஸ் கிடார் கலைஞர் யார் என்று இசைக்கிறுக்கர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். கேள்வி முடிவதற்குள் 'ஜாகோ பாஸ்டோரியஸ்' என்று பதில் வரும். தப்பில்லை. கொஞ்சம் அவசரமான பதில், அவ்வளவுதான்.

ஜாகோ செய்தது லேசுப்பட்ட வேலை இல்லை. வீணைக்கு மெட்டுகள் மாதிரி கிடாருக்கு ஃப்ரெட்டுகள். தன் ஃபெண்டர் ஜாஸ் பேஸில் அவை இல்லாமல், பள்ளங்களை அடைத்து, மேலே எபாக்சி பூசிக்கொண்டார். விரல் வழுக்கிக்கொண்டே போக, மனிதக் குரல் மாதிரி ஒரு நாதம் வந்தது! 1976-ல் வெளியான முதல் ஆல்பத்தில் எடுத்த எடுப்பிலேயே 'டோனா லீ'. சாக்ஸபோன்காரர்களே மூச்சு வாங்கும் மெட்டு அது. துணைக்குக் காங்கா மட்டும் வைத்துக்கொண்டு பேஸில் வாசித்துத் தள்ளினார். மேடை ஓரத்தில் நின்ற பேஸ்காரர்களுக்கு நடுவில் வந்து நிற்கும் தைரியம் வந்ததே அதற்குப் பிறகுதான்.

சரி, ஜேம்ஸ் ஜேமர்சனுக்கு வருவோம். 1960-களில் டெட்ராய்ட்டில் மோடவுன் கம்பெனியின் ஸ்டூடியோ வாத்தியக்காரர். கம்பியை மீட்ட வலது கை ஆள்காட்டி விரல் ஒன்று போதும் அவருக்கு. கம்பி அறுந்தால் ஒழிய மாற்றவும் மாட்டார். அதுவரை பாப் பாட்டில் பேஸ் என்றால் பெரும்பாலும் கார்டின் முதல் ஸ்வரத்தையும் ஐந்தாவதையும் மாற்றி மாற்றித் தட்டுவதுதான். ஜேமர்சன் அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த இடத்தில் ஒரு தனி மெட்டையே ஓடவிட்டார். அதே சமயம் பாடகர் வாயைத் திறந்தால் வழிவிடுவார். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் கஷ்டம்.

நம்பிக்கை இல்லையென்றால் 'ஐன்ட் நோ மவுன்டன் ஹை இனஃப்' (1967) பாட்டை இரண்டு தடவை கேளுங்கள். முதல் தடவை குரல்களை. இரண்டாவது தடவை அடியில் ஓடும் பேஸை மட்டும்.

(லாரி கிரஹாம் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அம்மாவோடு வாசித்த குழுவில் டிரம்ஸ் இல்லாததால், கட்டைவிரலால் கம்பியை அடித்து அந்த வேலையையும் பார்த்தவர் அவர். ஸ்லாப் பிறந்த கதை அது. தனிப் பதிவே போடலாம்.)

ஜாகோ வராமல் இருந்திருந்தால் அற்புதமான சோலோக்கள் குறைந்திருக்கும். ஜேமர்சன் வராமல் இருந்திருந்தால் பாட்டுகளே வேறு மாதிரி இருந்திருக்கும். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியே அவரிடமிருந்து கற்றதாகச் சொல்லியிருக்கிறார். ஜாகோவும் ஃப்ளோரிடாவில் வெய்ன் காக்ரனின் சோல் குழுவில் வாசித்துத் தேறியவர்தானே.

ஆனால் ஜாகோவுக்குத் தன் பெயரிலேயே ஆல்பம் வந்தது. ஜேமர்சனுக்கோ மோடவுன் ஆல்பத்தின் உறையில் பெயர் வரவே 1971 ஆனது, மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில். அதற்குள் எத்தனை ஹிட் பாட்டுகள்! 1983-ல் மோடவுனின் 25-ஆம் ஆண்டு விழா நடந்தபோது ஜேமர்சன் மேடையில் இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு உட்கார்ந்து பார்த்தார். அந்த ஆகஸ்டிலேயே இறந்துபோனார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரைச் சேர்த்தது 2000-ல்.