கண்டக்டர் இல்லாத பஸ்ஸு

பொட்டி தட்டுற மக்களே, "நடுவுல ஒருத்தன் உக்காந்து ஆட்டிவைக்கக் கூடாது, கோரியோகிராஃபிதான் சரி, ஒவ்வொரு சர்வீசும் ஈவெண்ட் பாத்துத் தானா வேலை செய்யும்"னு யாராச்சும் சொன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க. டிக்கெட்டுக்குக் காசு புடிச்சாச்சு, சீட்டு கிடைக்கலை. பணத்தைத் திருப்பித் தர்றது யார் பொறுப்பு?

பேமெண்ட் சர்வீஸ் "என் வேலை முடிஞ்சுது"ங்கும். புக்கிங் சர்வீஸ் "ஃபெயில்னு கத்திட்டேனே"ங்கும். அந்தக் கத்தலைக் கேக்கவேண்டியவன் கேக்கலைன்னா, ராத்திரி ரெண்டு மணிக்கு ஏழு சர்வீஸ் லாகையும் தோண்டுற சப்போர்ட் பையன்தான் உங்க ஆர்க்கெஸ்ட்ரேட்டர். என்ன, அவனுக்குத் தூக்கம் வரும்.

கார்சியா-மோலினாவும் சேலமும் (ஆள் பேருங்க, மாம்பழ ஊர் இல்லை) 1987லயே 'சாகாஸ்'னு எழுதிட்டாங்க. நீளமான பரிவர்த்தனையைத் துண்டு போடு, ஒவ்வொரு துண்டுக்கும் அதை ஈடுகட்டுற துண்டு ஒண்ணு வை. எதுவரைக்கும் போனோம்னு ஒருத்தன் குறிச்சு வச்சாத்தானே திரும்பி வர முடியும்?

கோரியோகிராஃபிக்குன்னே வந்த டபிள்யூஎஸ்-சிடிஎல், டபிள்யூ3சியில 2005ல கேண்டிடேட் ஆச்சு. ஜெயிக்கவே இல்லை. நடுவுல நின்னு நடத்துற பீபெல் 2.0, 2007ல ஒயாசிஸ் ஸ்டாண்டர்டே ஆயிடுச்சு. எக்ஸ்எம்எல் கொடுமைதான், இல்லைங்கலை. ஆனா ஆர்டர் எங்க நிக்குதுன்னு கேட்டா பதில் சொல்லும்.

மெயில் அனுப்ப, ரிப்போர்ட் போட ஈவெண்ட் போதும். காசு கைமாறுற இடத்துல கண்டக்டர் வேணும்யா. வேணாம்ங்கறவங்க பின்னூட்டத்துக்கு வாங்க, அந்த ரீஃபண்ட் கேள்விக்குப் பதிலோட.